சித்திரையில் கரியன் சோலை: வழிகாட்டியோடு பறவை நடை, என்ன எதிர்பார்க்கலாம்?

இளவேனில்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப் போகிறோம். கோவையில் சேர்ந்து பறவை பார்க்கும் சின்னக் குழு எங்களுடையது. இதுவரை உக்கடம், சிங்காநல்லூர் குளக்கரைகளும் வயல்வெளிகளும்தான் எங்கள் களம். முதிர்ந்த மழைக்காட்டுக்குள் காலையில் நடப்பது பலருக்கும் புதிது. அங்கே கரியன் சோலை என்ற மழைக்காட்டுக்குள் வனத்துறை வழிகாட்டியோடு போவதாகத் திட்டம்.

கேட்க நினைப்பவை: அந்த நேரத்தில் என்னென்ன பறவைகள் இருக்கும்? வலசை வந்தவை எல்லாம் திரும்பிப் போயிருக்குமா? வழிகாட்டியிடம் முன்கூட்டியே என்ன சொல்லி வைக்கலாம்? இருவாச்சி (ஹார்ன்பில்), தீக்காக்கை (ட்ரோகன்), தவளைவாயன் (ஃபிராக்மௌத்) மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று குழுவில் ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேத்துமடை_வாசி

வாங்க, நல்ல நேரம்தான். முதலில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீப் பருவம் என்று நடைபாதைகளை மூடுவது வழக்கம். கோடை மழை தள்ளிப்போனால் திறப்பதும் தள்ளிப்போகும். சேத்துமடை சோதனைச் சாவடி வரை வந்து திரும்பிப் போன குழுக்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

சித்திரையில் ஒரு மழை பெய்துவிட்டால் காடு மாறிவிடும். அட்டையும் வந்துவிடும். அட்டைக் காலுறை இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் நீளமான காலுறைக்குள் பேண்ட்டை நுழைத்துக்கொண்டால் போதும். பளபளப்பான நிறமும் வாசனைத் திரவியமும் வேண்டாம்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான காடர், மலசர் மக்கள். பறவையின் ஆங்கிலப் பெயர் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. அதை வைத்து அவர்களை எடை போடாதீர்கள். எந்த அத்தி எப்போது பழுக்கும், எந்த மரத்துக்கு மாலையில் எது வந்து அமரும், இன்றைக்கு யானை எந்தச் சரிவில் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர் கையைத் தூக்கினால் நின்றுவிடுங்கள், என்ன ஏது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அடர்ந்த சோலையில் யானை பத்தடி தூரத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே என்ன சொல்லலாம் என்று கேட்டீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். நடை தொடங்கும்போதே, "இதைக் காட்டித்தான் ஆகணும்னு எங்களுக்கு எதுவும் இல்லைங்க, உங்க இஷ்டப்படி கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நடக்கும் நடையே வேறு மாதிரி இருக்கும்.

வைகைக்கரை

ஒரு சந்தேகம். மழைக்காட்டுக்குள் போய்வந்த நண்பர்கள் எல்லோரும், "உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, வெளியே சாலையோரத்தில்தான் நிறையப் பார்த்தோம்" என்கிறார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்ட ஓரத்தில் நின்றாலே ஒரு காலையில் பட்டியல் நீண்டுவிடுகிறது. அப்படியிருக்க ஏன் உள்ளே போக வேண்டும்?

இன்னொன்று, என்னிடம் 10×42 இருநோக்கி (பைனாகுலர்) இருக்கிறது. சோலைக்குள் அது சரிவருமா?

ஆனைமலை_தாவரம்

வைகைக்கரை கேட்டது நியாயமான கேள்வி. பட்டியலின் நீளம்தான் அளவுகோல் என்றால் காட்டின் ஓரம்தான் ஜெயிக்கும். வெளிச்சம் அதிகம், திறந்தவெளிப் பறவைகளும் காட்டுப் பறவைகளும் அங்கே கலந்து கிடைக்கும். ஆனால் அந்த ஓரத்துக்கு வந்து உங்களுக்குக் காட்சி தருகிற இருவாச்சி எங்கே பிறந்தது என்று கேட்டால், உள்ளே இருக்கும் கிழட்டு மரத்துக்குத்தான் போக வேண்டும்.

இருவாச்சியின் அலகு பெரியது, ஆனால் அதனால் மரத்தைக் குடைய முடியாது. பெரிய கிளை ஒடிந்து, அந்த இடம் வருடக்கணக்கில் அழுகி உண்டாகும் பொந்துதான் அதற்கு வேண்டும். அவ்வளவு பெரிய பறவை உள்ளே உட்கார இடம் கொடுக்கும் பொந்து இளம் மரத்தில் இருக்காது. பெண் உள்ளே நுழைந்து வாசலைத் தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஆணின் அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போது பறப்பதற்கான இறகுகளை உதிர்த்துவிடும், எனவே அவசரத்துக்கு வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அந்தக் காலம் முழுக்க ஆண் கொண்டுவரும் அத்தியும் கருங்குங்கிலியமும் காட்டு ஜாதிக்காயும்தான் சாப்பாடு. நீங்கள் போகும் ஏப்ரல் கடைசி அந்தப் பருவத்தின் பின்பகுதி. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெரிய இருவாச்சியில் குஞ்சு திரும்பவும் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும், பிறகு இருவருமாக ஊட்டுவார்கள்.

தீக்காக்கைக்கு வேண்டியது வேறு. உளுத்துப்போன, கையால் கிள்ளினால் உதிரும் அடிக்கட்டை. அதைக் குடைந்துதான் அது முட்டையிடும். குக்குறுவானுக்குக் காய்ந்த கிளை வேண்டும். வெள்ளைவயிற்று மரங்கொத்திக்குப் பெரிய பட்டமரம் வேண்டும். மலை மைனாவும் பொந்தைத்தான் தேடும். செத்த மரங்களை அகற்றிச் சுத்தமாக வைத்திருக்கும் காட்டில் இவற்றுக்கு வீடு கிடையாது. முதிர்ந்த காடு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நிமிர்ந்து நிற்கும் மரம் இல்லை, விழுந்து கிடக்கும் மரமும் நின்றபடியே உளுத்த மரமும்தான்.

டாப்சிலிப்பிலேயே இதைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுற்றி இருப்பது பெரும்பாலும் தேக்கு. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்ட இங்கிருந்து பம்பாய்க்குத் தேக்கு போனது. வெட்டிய மரங்களை மேட்டிலிருந்து சரிய விட்டதால்தான் அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், அடிக்கட்டையிலிருந்து மரத்தை மறுபடி தழைக்கவிடும் முறையில் தேக்கை மீட்டெடுத்தார். 1933இல் இறந்தவருக்கு அங்கேயே கல்லறை இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். கோடையில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும், மரங்கொத்திகளையும் கிளிகளையும் சுலபமாகப் பார்க்கலாம். அங்கிருந்து சுமார் 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கரியன் சோலைக்குள் நுழைந்தால் வெளிச்சம், ஈரம், மண்ணின் வாசனை எல்லாம் சில அடி தூரத்தில் மாறிவிடும். உயரம் 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான். நீலகிரி உச்சியில் இருக்கும் குட்டை மரச் சோலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இது உயர்ந்த மரங்கள் நிற்கும் பசுமைமாறாக் காடு.

கரிச்சான்

இருநோக்கி பற்றி: 10×42 இருந்தால் அதையே கொண்டு போங்கள், புதிதாக வாங்க வேண்டாம். வாங்கப்போகிறவர்களுக்கு 8×42 என்பேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும், 10ஆல் வகுத்தால் 4.2தான். மதியம் குளக்கரையில் இந்த வித்தியாசம் தெரியாது. காலை ஏழு மணிக்குச் சோலைக்குள் பழுப்பு நிறப் பெண் தீக்காக்கையைத் தேடும்போது தெரியும். 8×42இல் பார்வைப் பரப்பும் அகலமாக இருப்பதால் இலைகளுக்குள் ஓடும் பறவையைப் பிடிப்பதும் சுலபம்.

இனி பறவைகள். ஏப்ரல் கடைசியில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். ஆறுமணிக்குருவி (பிட்டா) இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் இனப்பெருக்கத்துக்காகப் போய்க்கொண்டிருக்கும் நேரம். கடைசியாகப் புறப்படும் ஒன்றிரண்டு கண்ணில் படலாம், நம்பிப் போகாதீர்கள். கதிர்க்குருவிகளும் அப்படித்தான்.

ஆனால் இங்கேயே வாழ்பவை பாடும் காலம் இது, காட்டில் குரல்கள்தான் அதிகம். வெண்கன்னக் குக்குறுவான் காலையில் தொடங்கினால் நிறுத்தவே நிறுத்தாது. மலபார் சாம்பல் இருவாச்சியின் சிரிப்பு முதல் முறை கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கும். பெரிய இருவாச்சி மேலே பறந்தால், பறவை தெரிவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் நீராவி இன்ஜின் போல வரும். அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு இலைகளுக்கு நடுவே வானம் தெரியும் இடத்தைப் பாருங்கள். அமர்ந்திருந்தால் கண்ணைக் கவனியுங்கள். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை.

பாதையில் கண்ணைத் தாழ்த்தியும் நடங்கள். நம் மாநிலப் பறவையான மரகதப் புறா நடைபாதையிலேயே பழம் பொறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் அதை விரட்டிவிடுகிறார்கள்.

நீள_லென்ஸ்

எல்லாம் சரி, ஆனால் நடைமுறையைப் பேசுவோம். தூரத்திலிருந்து பெட்ரோல் செலவழித்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு காலைதான் கிடைக்கிறது. தீக்காக்கை அசையாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. கைபேசியில் ஒரு நிமிடம் அதன் குரலைப் போட்டால் வெளியே வரும், எல்லோரும் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு நிமிடத்தில் என்ன கெட்டுவிடும்? பல இடங்களில் வழிகாட்டிகளே இதைச் செய்கிறார்கள். இதைப் பெரிய பாவமாக ஆக்குவது எனக்குப் புரியவில்லை.

சேத்துமடை_வாசி

நீள_லென்ஸ், வழிகாட்டிகள் செய்கிறார்கள் என்பது உண்மை. ஏன் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். பறவை கண்ணில் பட்டால் வந்தவர்கள் சந்தோஷமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், படாவிட்டால் முகம் சுருங்குகிறது. "போன வாரம் வந்தவங்களுக்குக் காட்டினீங்களாமே" என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் நின்று, தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒருவர் என்ன செய்வார்? கைபேசியை எடுக்க வைப்பது நம்முடைய எதிர்பார்ப்பு. அதனால்தான் முதல் பதிலில் அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன்.

உங்களுக்கு அது ஒரு நிமிடம். ஆனால் பாதை ஒன்றுதான், அதன் ஓரத்தில் எல்லை வைத்திருக்கும் தீக்காக்கைச் சோடியும் ஒன்றுதான். காலையில் ஒரு குழு, அப்புறம் இன்னொரு குழு, மறுநாள் வேறு ஒன்று. முட்டை மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய பறவை ஒவ்வொரு முறையும் போட்டியாளன் வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு வெளியே வருகிறது. பிப்ரவரி முதல் மே வரை அதற்குக் கூட்டுக் காலம்.

ஈழத்துக்_குக்குறுவான்

இந்த இழையைக் கண்டதில் மகிழ்ச்சி. நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் சிங்கராஜ வனத்துக்கு வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. 1970களில் மரம் வெட்டப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டு, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்ந்த காடு. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை சற்று ஓயும், பறவை பார்க்க நல்ல காலம்.

அங்கு வழிகாட்டியிடம் நான் கற்றது காத்திருப்பதைத்தான். அரை மணி நேரம் ஒரு பறவையும் இராது. பிறகு திடீரென்று முழுக் காடும் அசையும். பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் கூட்டம் கடந்து போகும். இந்தக் கூட்டங்களை 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கு ஆய்வு செய்து வருகிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் 40 பறவைகள் வரை, பத்துக்கு மேற்பட்ட இனங்கள். நடுவில் சிலம்பன்கள் (பாப்ளர்) கலகலப்பாக நகரும், கரிச்சான் சற்று உயரத்தில் இருந்து காவல் காக்கும். அந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துப் பாடும். ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்த ஆய்வில், கரிச்சானின் சொந்தக் குரலை மட்டும் போட்டபோது வந்ததை விட, பிற இனங்களின் குரல் கலந்த பாட்டுக்கு அதிகப் பறவைகள் வந்தன. கூட்டத்தைக் கூட்டுவதே அதுதானோ என்று எண்ண வைக்கும் முடிவு.

உங்கள் ஆனைமலையிலும் இதே போன்ற கூட்டங்கள் உண்டு அல்லவா?

கரிச்சான்

உண்டு! என் புனைபெயரே அதனால்தான். இங்கே பழுப்புக் கன்னச் சிலம்பன்கள் நடுவில் நகரும். கூடவே ஆரஞ்சு மின்சிட்டு, பசையெடுப்பான், சிறிய மரங்கொத்திகள். துடுப்புவால் கரிச்சானும், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் வெள்ளைவயிற்று வால்காக்கையும் பல நேரம் சேர்ந்தே வரும். எனவே சிலம்பன் சத்தம் கேட்டால் துரத்தாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டு, அதற்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள். அதுவே உங்களைக் கடந்து போகும்.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பறவைகளின் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் கிடைக்காது. ஆனால் துடுப்புவால் கரிச்சான் கழுகின் குரலைப் பாடினால் செயலி கழுகு என்று காட்டக்கூடும். வழிகாட்டி "இது கரிச்சான் வேலை" என்பார். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு மட்டும் செயலி. ஒலிபெருக்கியாக வேண்டவே வேண்டாம்.

நீள_லென்ஸ்

ஈழத்து நண்பர் சொன்ன ஆய்விலேயே ஒலிப்பதிவைப் போட்டிருக்கிறார்களே. ஆய்வாளர் செய்தால் அறிவு, நாம் செய்தால் தொல்லையா? இன்னொன்றும் கேட்கிறேன். என் படங்களைப் பார்த்துதான் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இருவாச்சி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. படமே வராவிட்டால் யாருக்கு அக்கறை வரும்?

ஆனைமலை_தாவரம்

படம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, உங்கள் படங்கள் தொடர்ந்து வர வேண்டும். ஆய்வில் ஒரு கேள்வி இருக்கும், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று வரம்பு இருக்கும், அனுமதி இருக்கும், முடிந்தால் நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாப் பாதையில் நிறுத்த ஆள் கிடையாது. வித்தியாசம் அதுதான்.

கூட்டைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். இருவாச்சிப் பொந்தின் கீழே ஆட்கள் நின்றால் ஆண் அருகே வராது. அலகு நிறையப் பழத்தோடு தூரத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் வேறு வழியே கிடையாது. ஒரு முறை, ஊரைச் சொல்ல விரும்பவில்லை, பொந்துக்குக் கீழே முக்காலிகளை வரிசையாக வைத்து, அந்த ஆண் வருவதற்காகக் காலை முழுக்கக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தேன். தாங்கள் நிற்பதால்தான் அது வரவில்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் மனது கொதிக்கிறது.

பக்கத்தில் கேரளத்தின் வாழச்சாலில் காடர் மக்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். முன்பு தேனெடுக்க ஏறிய, கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்த அதே அனுபவம் இப்போது காவலுக்குப் பயன்படுகிறது. அவர்கள் காத்துக் கொடுத்த பறவை தோட்டத்து அத்தி மரத்துக்கு வரும், அங்கே எடுங்கள் படத்தை. வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

நீள_லென்ஸ்

கூடு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, கூட்டுப் படம் நான் போடுவதும் இல்லை. குரல் போடுவது எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் தவறு என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் ஒரே பாதை, ஒரே சோடி, கூட்டுக் காலம் என்று சேத்துமடை சொன்ன கணக்கு சரியான கணக்கு. சித்திரையில் கரியன் சோலையில் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அத்தி மரம் எந்தப் பக்கம் பழுக்கிறது என்று யாராவது தனிச்செய்தியில் சொன்னால் நன்றி.

வைகைக்கரை

தவளைவாயன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சேத்துமடை_வாசி

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பகலில் சோடியாக, தாழ்வான கிளையில் காய்ந்த இலைகளோடு இலையாக உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. அதே கிளைக்கு நாள் கணக்கில் திரும்பி வரும் என்பதால் இடம் தெரிந்துவிட்டால் தினமும் கூட்டம் சேரும். இந்தப் பருவத்தில் ஒரு சின்னக் கூட்டில் ஒரே ஒரு முட்டையோடு இருக்கும். வழிகாட்டி காட்டினால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். எந்தக் கிளை, எந்த வளைவு என்று இங்கேயோ வேறு எங்கேயோ எழுதாதீர்கள்.

இளவேனில்_கோவை

போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முந்தைய நாள் மாலை மழை பெய்திருந்தது, பாதை திறந்திருந்தது, அட்டைகளும் இருந்தன. சேத்துமடை_வாசி சொன்ன வாக்கியத்தைத் தொடக்கத்திலேயே சொன்னோம். வழிகாட்டி அண்ணன் ஒரு நொடி எங்களைப் பார்த்துவிட்டு, "அப்போ மெதுவாப் போலாம்" என்றார். நிஜமாகவே மெதுவாகப் போனார். முதல் வளைவிலேயே வெகுநேரம் நிற்க வைத்தார். அங்கேதான் கலப்புக் கூட்டம் வந்தது. சிலம்பன்கள் முதலில், பிறகு மின்சிட்டுகள் மேலே, பசையெடுப்பான் தலைகீழாக, கடைசியில் துடுப்புவால் கரிச்சானும் வால்காக்கையும். யாரும் ஒரு அடிகூட நகரவில்லை.

ஆண் தீக்காக்கையைக் காட்டியதும் அவர்தான். குரல் எதுவும் போடாமல், அது உட்காரும் உயரத்தை மட்டும் சொல்லி, அந்த உயரத்தில் கண்ணை மெல்ல ஓட்டச் சொன்னார். முதுகுதான் தெரிந்தது. காத்திருந்தோம், ஒரு பூச்சியைப் பிடிக்கத் திரும்பியபோது அந்தச் சிவப்பு வயிறு தெரிந்தது. பெரிய இருவாச்சி சத்தம் இரு பக்கமும் கேட்டது, ஒன்று இலையிடைவெளியில் கடந்து போனது. மரகதப் புறா, கரிச்சான் சொன்ன மாதிரியே, பாதையில்.

தவளைவாயன் பார்க்கவில்லை. ஓரிடத்தில் நின்று, "இந்தப் பக்கம் கூடு இருக்கு, வேண்டாங்க" என்று வேறு வழியில் கூட்டிப் போனார். குழுவில் ஒருவருக்கும் முகம் சுருங்கவில்லை, இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்.

ஒரே ஒரு பறவை எது என்று தீரவில்லை. காக்கை அளவுக்கு உடம்பெல்லாம் கருப்பு, வயிறு வெள்ளை, பட்டுப்போன பெரிய மரத்தில் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தது. தலையின் பின்பக்கம் மட்டும் சிவப்பு. வழிகாட்டி அண்ணன் பெரிய மரங்கொத்தி என்றார். எது?

கரிச்சான்

வெள்ளைவயிற்று மரங்கொத்தி. ஆணாக இருந்தால் உச்சி முழுக்கச் சிவப்பு இருக்கும், கன்னத்திலும் ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். பின்தலையில் மட்டும் என்றால் நீங்கள் பார்த்தது பெண். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு தளத்தில் ஏற்றும்போது, பட்டமரத்தில் தட்டிக்கொண்டிருந்தது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.